சனிக்கிழமை நெஞ்சுவலி

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பதினொன்றரை மணிக்கு, மாமனாருக்கு நெஞ்சு வலித்தது.

வலி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ''லேசா அமுக்கற மாதிரி இருக்கு மாப்பிள்ளை, அவ்வளவுதான். சாயங்காலம் சாப்பிட்ட வாழைக்காய் பஜ்ஜி வேலையைக் காட்டுது'' என்றார். அவர் சாப்பிட்டது இரண்டு. நான் சாப்பிட்டது ஏழு. எனக்கு எதுவும் அமுக்கவில்லை. எனவே பஜ்ஜி நிரபராதி என்று என் மனைவி தீர்ப்பு சொல்லி, எதிர் வீட்டுக்காரரை எழுப்பி, அவர் லுங்கியோடு காரை எடுக்க, பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர், விலாசம் கேட்பதற்கு முன்னாலேயே ஈசிஜி எடுத்துவிட்டார்கள். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் பூராவும் உள்ள விதி. அப்புறம் ரத்தம் எடுத்து ட்ரோபோனின் என்று ஒரு டெஸ்ட். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. சில மணி நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை.

விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சின்னப் பையன். கண்கள் சிவந்திருந்தன.

''சார், ஈசிஜி ரெண்டு தடவை பார்த்தாச்சு, மாற்றம் இல்லை. ட்ரோபோனினும் ரெண்டு தடவை நார்மல். இப்போதைக்கு அட்டாக் இல்லைன்னு சொல்லலாம். இதய ரத்தக் குழாயை சிடி ஸ்கேன்ல பார்க்கணும்னா இனிமே மண்டேதான். ஞாயித்துக்கிழமை அதுக்கு ஆள் வரமாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே வெச்சுப் பார்க்கறோம். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டு மண்டே ஓபிக்கு வரலாம். இல்லைன்னா ஸ்கேன் இருக்கிற வேற இடத்துக்கு இப்பவே மாத்தலாம். நீங்கதான் சொல்லணும்.''

'நீங்கதான் சொல்லணும்' மாதிரி பயமுறுத்துகிற தமிழ் வாக்கியம் வேறு கிடையாது. நான் பி.காம். டபுள் என்ட்ரி தெரியும். இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். இதயத்தில் எந்தப் பக்கம் எது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து, ''என்னங்க, மாத்திடலாம். ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதி'' என்றாள். நான் யோசிப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ''காசைப் பார்க்கறீங்களா?'' என்றாள்.

சத்தியமாக இல்லை. (கொஞ்சம் பார்த்தேன்.)

கடைசியில் டாக்டர் சொன்ன முதல் வழிதான். ஞாயிறு சாயங்காலம் வரை அங்கேயே, திங்கட்கிழமை ஓபி. ஆனால் அந்த ராத்திரி என் மண்டைக்குள் ஒரு கேள்வி நுழைந்துகொண்டது. இதே மனுஷர், இதே வலியோடு, செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். சனிக்கிழமை வந்ததால் எடுக்கவில்லை. இந்த இரண்டு மாமனார்களில் யாருக்கு நல்லது நடக்கும்?

இதை யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்களா?

பார்த்திருக்கிறார்கள். அதுவும் என்னைப் போன்ற குமாஸ்தா புத்தியுடன், ஆஸ்பத்திரி பில்களை வைத்து!

* * *

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பயப்படுவார்கள். ஊசி போட்டால் ஒரு எண், எக்ஸ்ரே எடுத்தால் ஒரு எண், என்ன வியாதி என்பதற்கு ஒரு எண் என்று எல்லாவற்றையும் எண்ணாக்கி கம்பெனிக்கு க்ளெய்ம் அனுப்புவார்கள். அந்த நாட்களில் 'என்ன காரணம் என்று தெரியாத நெஞ்சுவலி'க்கு அவர்கள் எண் 786.50.

இதைப் படித்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். 786.50 என்பது மருத்துவத்தின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வந்த 4,21,774 பேருடைய 2011-ஆம் வருஷத்து க்ளெய்ம்களைச் சிலர் எடுத்தார்கள். அதில் சுமார் 1,28,000 பேருக்கு உடனடியாக ஏதோ ஒரு இதயச் சோதனை நடந்திருக்கிறது. ட்ரெட்மில், எக்கோ, அணுக்கதிர் மருந்து ஏற்றி எடுக்கும் படம், சிடி இவற்றில் ஒன்று. பாக்கிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஏழு நாளைக்குள் மாரடைப்பு என்று அட்மிட் ஆனவர்கள், எல்லோரையும் சேர்த்து, 0.11 சதவீதம். பத்தாயிரம் பேரில் 11 பேர். 190 நாளில் 0.33 சதவீதம். சோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை. 2015-ல் வெளியானது.

'அப்படியானால் ஸ்கேன் வேஸ்ட்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். தப்பு.

எங்கள் தெருவில் அக்கவுண்டன்சி டியூஷன் சென்டர் ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஃபெயில். சேராதவர்களில் முக்கால்வாசி பாஸ். அதனால் டியூஷன் போனால் ஃபெயில் ஆவார்கள் என்று சொல்லலாமா? ஃபெயில் ஆகிற பையனைத்தானே அப்பா காதைப் பிடித்து டியூஷனில் சேர்க்கிறார்! அதேபோல, 'இந்த ஆள் முகம் சரியில்லையே' என்று டாக்டருக்குத் தோன்றுகிறவரைத்தான் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கூடுதல் ஆபத்தில் இருந்தவர்களுக்குப் படம் எடுத்ததால்தான் கடைசியில் இரண்டு கட்சியும் சமமாக வந்ததோ என்னவோ? அந்த முகம் சரியில்லாததற்கு பில்லில் எண் கிடையாது.

பழைய ரெக்கார்டுகளை வைத்துச் செய்கிற எந்த ஆராய்ச்சிக்கும் இதுதான் தலைவலி. செய்தது எழுதியிருக்கும். ஏன் செய்தோம் என்பது இருக்காது.

* * *

இந்த இடத்தில் சில புத்திசாலிகள் காலண்டரை எடுத்தார்கள்.

நெஞ்சுவலிக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை வருகிறவரும் சனிக்கிழமை வருகிறவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆசாமிகள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிழமை தெரியும். வாரக் கடைசியில் ஸ்கேன் எடுக்க ஆள் குறைவு. அப்படியானால் இங்கே டாக்டரின் சந்தேகம் மட்டும் தீர்மானிக்கவில்லை. காசு சுண்டிப் போட்ட மாதிரி, கிழமையும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

18 முதல் 64 வயது வரை உள்ள 9,26,633 பேர். எல்லோரும் இன்ஷூரன்ஸ் வைத்திருந்தவர்கள், வந்தவுடன் மாரடைப்பு என்று தீர்மானம் ஆகாதவர்கள். வருஷம் 2011, 2012. திங்கள் முதல் வியாழன் வரை வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு இரண்டு நாளில் சோதனை நடந்திருக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை வந்தவர்களில் 12 சதவீதம்தான். அப்புறம் ஒரு வருஷம் வரை யாருக்கு என்ன பில் வந்தது என்று தொடர்ந்து பார்த்தார்கள்.

கணக்கு என்ன சொன்னது? சோதனை கூடினால், ஆயிரம் சோதனைக்குச் சுமார் 36 ஆஞ்சியோகிராம் கூடியது. சுமார் 23 பேருக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ கூடியது. மாரடைப்புக்காக அட்மிட் ஆவது? குறைந்ததாகத் தெரியவில்லை. 2017-ல் வெளியிட்டார்கள்.

எங்கள் டியூட்டி டாக்டர் இதைப் படித்திருந்தாரா என்று தெரியாது. ஆனால் நாலு மணிக்கு அவர் சொன்னதில் பெரிய பிசகு இல்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, ''அதுல எத்தனை பேர் செத்தாங்க?'' என்றாள்.

அங்கே மாட்டிக்கொண்டேன். க்ளெய்ம் என்பது உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வீட்டிலேயே தூக்கத்தில் போய்விட்டவருக்கு பில் கிடையாது. பில் இல்லாவிட்டால் பேரேட்டிலும் கிடையாது. பி.காம். படிக்காதவர்கள் கேட்கிற கேள்விதான் எப்போதும் ஆடிட்டரை மடக்கும்.

* * *

அவள் கேள்விக்குப் பதில் ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

அங்கே ஒவ்வொருவருக்கும் சி.எச்.ஐ. என்று பத்து இலக்கத்தில் ஒரு எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. ஒன்பதாவது இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.) குடும்ப டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு என்று போகிற இடமெல்லாம் அதே எண். மரணப் பதிவையும் இதோடு இணைத்துப் பார்க்கலாம். செத்தாலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இதன் அருமை எப்படிப்பட்டது? கொலஸ்ட்ரால் மாத்திரை நல்லதா என்று மேற்கு ஸ்காட்லாந்தில் 6,595 ஆண்களிடம் சோதித்து 1995-ல் முடிவைச் சொன்னார்கள். நல்லதுதான். ஆராய்ச்சி முடிந்தது, ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் ரெக்கார்டு பூட்டப்படவில்லை. இருபது வருஷம் கழித்து அந்த ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருத்தர் வீட்டுக் கதவையும் தட்டாமல் பார்த்தார்கள். அன்றைக்கு ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டதன் பலன் அப்போதும் தெரிந்தது!

சிடி படத்துக்கும் அதே வழி. 'ஸ்காட்-ஹார்ட்' என்று ஒரு ஆராய்ச்சி. நெஞ்சுவலிக்காக ஓபி கிளினிக்குக்கு வந்த 4,146 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு அதோடு இதய ரத்தக் குழாய் சிடி. அப்புறம் யாரையும் 'செக்கப்புக்கு வாங்க' என்று தொந்தரவு செய்யவில்லை. வழக்கமான ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் புரட்டினார்கள். ஐந்து வருஷத்தில், இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து, வழக்கமான வைத்தியத்தில் 81 பேர், சிடி கோஷ்டியில் 48 பேர். 2018-ல் வெளியான கணக்கு.

இதற்குப் பெரிய காரணம் கத்தியோ ஸ்டென்ட்டோ இல்லை. ஐந்து வருஷத்தில் அவை இரண்டு கோஷ்டியிலும் ஏறக்குறைய சமம். படத்தில் படிவு தெரிந்ததால் அதிகம் பேருக்குச் சரியான மாத்திரைகளை ஆரம்பித்ததுதான்.

சரி, அவசரப் பிரிவில் உடனே எடுத்தால்? அதையும் பிரிட்டனில் 37 ஆஸ்பத்திரிகளில், 1,748 பேரிடம் பார்த்துவிட்டார்கள். 2021-ல் முடிவு. ஒரு வருஷத்தில் மரணமோ மாரடைப்போ, உடனே சிடி எடுத்தவர்களில் 5.8 சதவீதம், மற்றவர்களில் 6.1. வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராம் மட்டும் 61 சதவீதத்திலிருந்து 54 ஆகக் குறைந்தது.

ஆக, பாமரனாக நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்த ராத்திரிக்கு வேண்டியது ஈசிஜி, ட்ரோபோனின், தூங்காத ஒரு டாக்டர். அடுத்த பத்து வருஷத்துக்கு வேண்டியது படமும், அதைப் பார்த்து எழுதுகிற மாத்திரையும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நாம் ராத்திரி நாலு மணிக்கு சண்டை போடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, நெஞ்சு வலிக்கும்போது 'இன்னிக்கு சனிக்கிழமை, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று யாராவது படுத்துத் தூங்கினால் நான் பொறுப்பல்ல. மேலே சொன்ன அத்தனை லட்சம் பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனவர்கள். போகாதவர்களின் கணக்கை என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

* * *

திங்கட்கிழமை ஓபியில் கார்டியாலஜிஸ்ட் பார்த்தார். சிடி எழுதினார். புதன்கிழமை எடுத்தோம். ஒரு குழாயில் 30 சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்.

''முப்பது பர்சன்ட்னா பாஸ் மார்க்குக்கூட இல்லையே மாப்பிள்ளை'' என்றார் மாமா, ஏமாற்றத்துடன்.

இப்போது ஒரு சின்ன உண்மையையும் சொல்லிவிட வேண்டும். நான் இத்தனை கணக்கு படித்தேனே, அதில் எதிலாவது மாமா இருக்கிறாரா? அமெரிக்கக் கணக்கு 64 வயதோடு நின்றுவிடுகிறது. மாமாவுக்கு 68. பிரிட்டன் அவசரப் பிரிவு ஆராய்ச்சியில் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர், அல்லது ஈசிஜியோ ட்ரோபோனினோ சரியில்லாதவர், இப்படிப்பட்டவர்களைத்தான் சேர்த்தார்கள். மாமாவுக்கு எல்லாம் நார்மல், வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். ஸ்காட்லாந்து ஓபி வரிசையில் வேண்டுமானால் ஓரமாக உட்காரலாம், அதுவும் குளிர் தாங்கினால். சர்க்கரையும் பி.பி.யும் உள்ள, பஜ்ஜி சாப்பிடுகிற, நம் ஊர் மாமாக்களின் கணக்கை நம் ஊர் ஆஸ்பத்திரிப் பதிவுகளிலிருந்துதான் எடுக்க முடியும்.

நம்மிடமும் எண் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்கம் தருகிறார்கள். ஆனால் எண் மட்டும் போதாது. நம் ரெக்கார்டை எடுப்பவர்கள் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வேண்டும். இங்கிலாந்தில் எல்லோருடைய ரெக்கார்டையும் ஒரே இடத்தில் சேர்க்க 2013-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். எங்களைச் சரியாகக் கேட்கவில்லை என்று ஜனங்கள் போட்ட சத்தத்தில் 2016-ல் மூட்டை கட்டினார்கள். ஸ்காட்லாந்தில் பெயரையும் விலாசத்தையும் நீக்கிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வைத்துத்தான் ஆராய்ச்சிக்காரர்களைப் பார்க்கவே விடுகிறார்கள்.

நம்பிக்கையோடு இன்னொன்றும் வேண்டும். எழுதியது சரியாக இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிஸ்சார்ஜ் கவுன்டரில் பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொடுத்தார்கள். தொழில் புத்தி, முதலில் பில்லைக் கூட்டிப் பார்த்தேன். காட்டன், பிளாஸ்டர், ஊசி, ஒரு பைசா பிசகவில்லை. ஆடிட்டர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அப்புறம் சம்மரியைப் பார்த்தேன்.

வயது 86. பால்: பெண்.

''மேடம், இதை மாத்தணுமே'' என்றேன்.

கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். ''பில் சரியா இருக்குல்ல சார்?''

''பில் சரிதான். ஆள்தான் மாறிட்டார்.''

''அதான் டிஸ்சார்ஜ் ஆயிட்டாரே சார். இனிமே இது எதுக்கு?''

சுற்றிலும் சிரித்தார்கள். மாமா வீல்சேரில் இருந்தபடி, ''விடுங்க மாப்பிள்ளை, எனக்குத் தெரியும் நான் யாருன்னு'' என்றார். மனைவி, ''என்னங்க, நேரமாகுது'' என்றாள்.

அன்றைக்கு விட்டுவிட்டேன். இதையெல்லாம் படித்த பிறகு விட முடியவில்லை. பத்து நாள் கழித்துப் போய், மூன்று மேஜை ஏறி இறங்கி, நாற்பது நிமிஷம் நின்று திருத்தி வாங்கினேன். ஸ்காட்லாந்தாக இருந்தால் ஒன்பதாவது இலக்கமே 'ஐயா, இவர் ஆண்!' என்று கத்தியிருக்கும். இங்கே நான்தான் கத்த வேண்டியிருந்தது. மாமா வீட்டுக்கு வந்துவிட்டார், சரி. ஆனால் அந்தக் காகிதம் அங்கேயே இருக்கிறதே! என்றைக்கோ ஒருநாள், சனிக்கிழமை ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற இன்னொருவருக்கு என்ன செய்யலாம் என்று கணக்குப் போடுகிறவர் அதைத்தானே புரட்டுவார்? அங்கே 86 வயதில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் கணக்கு என்ன ஆகும்?

நீங்களும் அடுத்த தடவை பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சம்மரியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பெயர், வயது, பால், என்ன வியாதி, என்ன மாத்திரை. ஐந்தே வரிதான்.

மாமா நன்றாக இருக்கிறார். ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார். பஜ்ஜி மட்டும் ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

நான் நாலு.